பூனையின் ஆச்சரியக் கண்கள்

பழைய காகிதக்கூழ் பொம்மைகளைத் துடைக்க வெள்ளை ரொட்டியைவிட நல்ல பொருள் கிடையாது. ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிட்டு, நடுவிலிருக்கும் மெத்தென்ற பகுதியை மட்டும் உருட்டி, ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. ஈரத்துணி பட்டால் வண்ணம் இளகிவிடும். ஓபல் வீட்டிலிருந்து பெட்டிகளை இங்கே தூக்கிவந்தபோது உங்கள் ஆட்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. பொம்மை என்றாலே சிரிப்பவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது.

ஓபலைப் பற்றிக் கேட்டீர்கள். பொம்மைகளிலிருந்துதான் அவளைப் பற்றிச் சொல்லத் தொடங்க முடியும்.

யாராவது இறந்துபோய், அவர்கள் வீட்டைத் திறந்து சாமான்களை விற்கும் சனிக்கிழமைகளில், விடியும் முன்பே வாசலில் வரிசை நிற்கும். ஒரு கையில் எண் எழுதிய சீட்டு, இன்னொரு கையில் காபி. பக்கத்தில் நிற்பவர் எதற்காக வந்திருக்கிறார் என்று முதலிலேயே கேட்டுவைத்துக்கொள்வது எங்கள் வழக்கம். உள்ளே போனபின் முட்டிமோத வேண்டியதில்லை. எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கேட்டேன். "உங்களுக்குப் பாத்திரமா, நகையா?"

"பேய்" என்றாள் அவள்.

அதுதான் ஓபல். கதவு திறந்ததும் இருவரும் ஒரே நேரத்தில் பரண் ஏணியில் ஏறினோம். ஒரு தொப்பிப் பெட்டிக்குள் அந்தப் பூனை விளக்கு இருந்தது. கறுப்புப் பூனைத் தலை, காகிதக்கூழில் செய்தது, உள்ளே மெழுகுவத்தி வைக்கச் சிறு தகரக் கிண்ணம். என் விரல் படுவதற்கு அரைக்கணம் முன்னால் அவள் விரல் பட்டுவிட்டது.

"மூஞ்சிய அப்படி வெச்சுக்காதீங்க" என்றாள். "எப்ப வேணும்னாலும் என் வீட்டுக்கு வந்து பாத்துக்கலாம். கேக் வேற சுட்டுத் தருவேன்."

அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல் நான் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்கிறேன். என் கணவர் வெர்ன் போன பிறகு, அவள் கணவர் ஜீன் போன பிறகு, வெள்ளிக்கிழமை மீன் சாப்பாட்டுக்குக்கூட ஒன்றாகத்தான் போவோம். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அவளுக்கும் இல்லை. அவளுக்கு டானா என்று அண்ணன் மகள் ஒருத்தி உண்டு. அவளை உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பூனையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும், அதனால்தானே நான் இங்கே இருக்கிறேன். இந்த விளக்குகளில் கண்ணுக்கும் வாய்க்கும் வெட்டிய ஓட்டைகளின் பின்னால் உள்ளிருந்து ஒரு மெல்லிய வண்ணத்தாள் ஒட்டியிருக்கும். கண்ணும் பல்லும் அந்தத் தாளில்தான் வரைந்திருக்கும். மெழுகுவத்தி ஏற்றினால் அது ஒளிரும். பெரும்பாலும் முதல் இரவிலேயே கருகியும்விடும். கண்தாள் முழுசாக இருக்கும் விளக்கு கிடைத்தால் எங்களைப் போன்றவர்கள் மூச்சை அடக்கிக்கொள்வோம். ஓபலின் பூனைக்குக் கண்தாள் இல்லை. பின்னால் ஒருமுறை எங்கோ ஒரு கட்டு பழைய தாள்கள் வாங்கிவந்தாள். அதில் பூனைக்கென்றே அச்சடித்தது ஒன்று இருந்தது, பச்சைக் கண், நடுவில் கோடு போன்ற கண்பாவை. அவள் அதை ஒதுக்கிவிட்டு, பூசணிக்காய் விளக்குக்கான வட்டக் கண்ணை எடுத்துப் பூனைக்குள் செருகினாள்.

"பாரு மார்லிஸ், குளிக்கும்போது யாரோ கதவைத் திறந்த மாதிரி முழிக்குது."

"அது தப்பு ஓபல். பூனைக்கு அந்தக் கண் கிடையாது."

"பூனை வந்து புகார் குடுத்துச்சா உங்கிட்ட?"

சரியான தாள் அலமாரியின் அடித்தட்டில், ஒரு செருப்புப் பெட்டியில் கிடந்தது. அந்த அறையில் உட்காரும்போதெல்லாம் எனக்கு அது தெரியும். காலணிக்குள் ஒரு சிறு கல் இருப்பதுபோல அது என்னோடு இருந்தது. கழற்றி உதறிவிட்டுப் போட்டுக்கொள்ள ஒரு நிமிடம் போதும், ஆனால் காலணி என்னுடையது அல்ல.

ஏன் இதைச் சேர்க்கிறீர்கள் என்று எல்லாரும் கேட்பார்கள். சாவி கொடுத்தால் முழங்கால் ஆட்டும் எலும்புக்கூடு, சுழற்றினால் கடகடக்கும் தகரக் கிலுகிலுப்பை, முதுகில் குச்சி மிட்டாய் செருக ஓட்டை வைத்த, சக்கரத்தில் ஓடும் பிளாஸ்டிக் சூனியக்காரி. இவையெல்லாம் ஹாலோவீன் என்ற ஒரே ஒரு இரவுக்காக, பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வீடு வீடாக மிட்டாய் கேட்டுப் போகும் அந்த இரவுக்காகச் செய்தவை. மறுநாள் குப்பைக்குப் போக வேண்டியவை. மலிவான பொருளை யாரும் காப்பாற்றுவதில்லை. ஆனாலும் சில தப்பிவிட்டன. தப்பிய பொருளின் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு மனம் அடங்கும். யாரும் எதிர்பார்க்காதபோதும் இருந்துவிடுவது ஒரு நல்ல குணம் என்று நான் நினைக்கிறேன்.

ஓபலுக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

போன செப்டம்பரில் அவள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். குளிர்காலத்தில் அவளுக்கு நெஞ்சுவலி வந்து, ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தாள். அதிலிருந்து ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள், நிறையச் சிரித்தாள். சாப்பாடு முடிந்ததும் சமையலறை விளக்கை அணைத்தாள். மேசையின் நடுவில் பூனை இருந்தது. தீக்குச்சி கிழிக்கும் சத்தம் கேட்டபிறகுதான் எனக்குப் புரிந்தது.

அவள் அதை ஏற்றினாள். அத்தனை வருடம் வெறும் தாளாக இருந்த அந்தக் கண்கள் ஒளிர்ந்தன. சுவரெல்லாம் அசைந்தது. மெழுகும் பழைய கூழும் சூடாகும் வாசனை வந்தது.

அது அழகாக இருந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. அழகாக இருந்தது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் ஊதி அணைத்தேன்.

இருட்டில் ஓபல் சொன்னாள். "ஒண்ணு யோசிச்சியா? ஆசையா வெளையாடுன பொம்மை எல்லாம் ஒடஞ்சு, எரிஞ்சு போயிடுச்சு. நம்மகிட்ட இருக்கறது எந்தப் பிள்ளையும் தொடாத பொம்மைங்கடி. பாவம், அதனாலதான் நம்மகிட்ட இருக்கு."

நான் பூனையை என் பக்கம் நகர்த்திக்கொண்டேன்.

"இந்த வருஷம் பிள்ளைங்க மிட்டாய்க்கு வரும்போது மிட்டாய் குடுக்கப்போறதில்ல" என்றாள். "வாசல்ல மேசையப் போட்டு எல்லாத்தையும் பரப்பப்போறேன். ஆளுக்கு ஒண்ணு, பிடிச்சத எடுத்துக்கட்டும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். வருஷம் முழுக்கப் பிள்ளைங்ககிட்டேருந்து பொம்மையக் காப்பாத்திட்டு உக்காந்திருக்கோம் ரெண்டு கிழவிங்க. நெனச்சா எனக்கே சிரிப்பா இருக்கு. நீயும் வா. உன் கையாலயும் நாலு குடு. ஒண்ணும் ஆயிடமாட்ட."

நம்மில் யார் முதலில் போனாலும் பொம்மைகள் மற்றவளுக்கு என்று நாங்கள் பேசிவைத்திருந்தோம். அதை அவளுக்கு நினைவுபடுத்தினேன். அவள் என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நான்தான் இன்னும் போகலயே" என்றாள்.

நான் அக்டோபர் முழுவதும் நியாயமாகப் பேசிப்பார்த்தேன் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகம் ஒன்றின் பெயரைச் சொன்னேன். டானாவிடம்கூடப் பேசினேன். "அத்தை சந்தோஷமா இருக்காங்க, விடுங்களேன்" என்றாள். குழந்தைகளின் கை எப்படியிருக்கும் என்று அவர்கள் யாரும் யோசிக்கவில்லை. கேரமல் பாகு தோய்த்த ஆப்பிளைத் தின்றுவிட்டு வரும் கை அது. அடுத்த தெரு முனைக்குள் சூனியக்காரியின் சக்கரம் கழன்றிருக்கும். தாள் கிழிந்திருக்கும். மறுநாள் காலை சருகுகளோடு சேர்த்து வாரிவிடுவார்கள். எனக்குத் தூக்கத்தில் அந்தச் சருகு வாரும் சத்தம் கேட்டது.

ஹாலோவீன் அன்று மாலை போனேன். ஓபல் ஜீனின் பழைய ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு, தலையில் சூனியக்காரித் தொப்பி வைத்திருந்தாள். வாசல் மேசை நிறைந்திருந்தது. போனில் அதைப் படமெடுத்து டானாவுக்கு அனுப்பினாள். நடுவில் பூனை, அந்த முழித்த கண்களோடு.

"வந்துட்டியா" என்றாள். "வரமாட்டேன்னு நெனச்சேன். வா, வந்து நில்லு, மூஞ்சிக்கு வேஷமே வேணாம் உனக்கு."

எங்கள் ஊரில் பிள்ளைகள் மிட்டாய்க்குக் கிளம்பும் நேரத்தைத் தீயணைப்பு நிலையச் சங்கு சொல்லும். முடியும் நேரத்தையும் அதுதான் சொல்லும். வாசல் விளக்கு எரியும் வீட்டுக்குத்தான் பிள்ளைகள் போகலாம். விளக்கு எரியாத வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் அது தெரியும். ஓபல் வீட்டு விளக்கு எரியாத ஹாலோவீன் இருந்ததில்லை.

ஜீன் தானே மின்கம்பி இழுத்த வீடு அது. வாசல் விளக்கின் சுவிட்ச் வாசலில் இருக்காது. சமையலறையில், நிலவறைக் கதவை ஒட்டி, நிலவறை விளக்கின் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் மாற்றிப் போட்டுவிடுவார்கள். அதைவைத்து வீட்டில் ஒரு சிரிப்பு எப்போதும் உண்டு.

சங்கு ஊதச் சற்று நேரம் இருந்தது. "கீழ இன்னும் ஒரு பெட்டி கெடக்கு, அதையும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஓபல் நிலவறைக்குள் இறங்கினாள். நான் சமையலறையில் நின்றேன். இறங்கிப் போன சத்தம் கேட்டது. பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்ப ஏறத் தொடங்கினாள். அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. வாசல் விளக்கை அணைத்துவிட்டால் போதும். யாரும் வரமாட்டார்கள். சண்டை வேண்டாம், வாதம் வேண்டாம். இந்த வருடம் கடந்துவிடும்.

கையை நீட்டினேன். நிலவறை விளக்கு அணைந்தது.

நான் அவளைத் தள்ளவில்லை. நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டும் அதையே சொல்கிறேன். அவள் படியின் நடுவில், இரண்டு கையிலும் பெட்டியோடு இருந்தாள். அவ்வளவுதான்.

சத்தம் பெரிதாக இல்லை. பிறகு அவள் குரல் வந்தது. வலியில் கத்தவில்லை, கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னாள். "மார்லிஸ், லைட்டப் போடுடி."

"ஒரு நிமிஷம், ஓபல்" என்றேன்.

அப்போது சங்கு ஊதியது. மேசை முழுவதும் வெளியே இருந்தது. முதலில் எதைச் செய்ய வேண்டும் என்று ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். பக்கத்து சுவிட்சையும் அணைத்தேன். இந்த முறை வாசல் இருண்டது. மேசையை உள்ளே இழுத்து, கதவைச் சாத்தி, சமையலறையின் சிறிய விளக்கொளியில் உட்கார்ந்து பொம்மைகளைச் சுற்றத் தொடங்கினேன். ஓபல் எப்போதும் செய்தித்தாளில் சுருட்டி, ஒட்டுநாடா ஒட்டிவிடுவாள். அச்சு மை பொம்மையில் ஒட்டிவிடும். என் கைப்பையில் நல்ல மெல்லிய தாள் இருந்தது. ஏன் கொண்டுபோனீர்கள் என்று கேட்டீர்கள். நான் எங்கே போனாலும் கொண்டுபோவேன்.

டானா வாங்கிக் கொடுத்த ஒரு மண்டை ஓடு உண்டு, பேட்டரியில் ஓடுவது. ஆள் அசைந்தால் முனகும், "வெளியே விடு" என்று கத்தும். மட்டமான பொருள். அதை ஜன்னல் விளிம்பில், வாசலுக்கு நேராக வைத்தது நான்தான். மேசையை எடுத்துவிட்டதால் அதற்கு வேறு இடம் இல்லை.

பிள்ளைகள் வந்தார்கள், திரும்பினார்கள். நடைபாதையில் அவர்கள் பேசுவது தெளிவாகக் கேட்டது. தேனீ வேஷம் போட்ட அந்தச் சின்னப் பெண்ணை நீங்கள் விசாரித்திருக்கிறீர்கள். அவள் சொன்னது உண்மைதான்.

"அம்மா, உள்ள யாரோ கூப்பிடறாங்க."

"பொம்மைடா அது. இந்த வீட்ல எல்லாம் கத்தும்."

"இல்லம்மா, லைட்டப் போடுங்கறாங்க."

"லைட் அணைஞ்சிருக்கு பாரு. ஆளில்லாத வீட்டுக்குப் போகக் கூடாது. வா, அடுத்த வீட்ல பெரிய சாக்லேட் தருவாங்க."

அந்த அம்மாவுக்கு இப்போது தூக்கம் வருவதில்லை என்று சொன்னீர்கள். அவரிடம் சொல்லுங்கள், அவர் சரியாகத்தான் நடந்துகொண்டார். விளக்கு அணைந்திருந்தது. வழக்கம் அதுதான்.

பூனையைக் கடைசியாக எடுத்தேன். அடித்தட்டிலிருந்து செருப்புப் பெட்டியை எடுத்து, வட்டக் கண்ணை உருவிவிட்டு, சரியான தாளைச் செருகினேன். முனை மடங்காமல் செருகுவதற்குப் பொறுமை வேண்டும். கீழேயிருந்து ஓபல் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாள், இப்போது மெதுவாக. ஒருமுறை ஜீன் பெயரையும் சொன்னாள். நான் பூனையைத் திருப்பிப் பார்த்தேன். முதல்முறையாக அது பூனையாக இருந்தது. எத்தனையோ வருடமாக இழுத்துப் பிடித்திருந்த ஏதோ ஒன்று எனக்குள் தளர்ந்தது. அப்போது எனக்கு அழுகை வந்தது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை.

இரண்டாவது சங்கு ஊதும்போது கீழே சத்தம் இல்லை. கிளம்பும்முன் நிலவறை விளக்கைப் போட்டுவிட்டு வந்தேன். காலையில் யாராவது வந்து இருட்டில் தடுக்கிவிடக் கூடாது.

மற்றது உங்களுக்குத் தெரிந்ததுதான். அன்று மாலை நான் என் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். வயதானவள், நிலவறைப் படி. மனம் மாறிப் பொம்மைகளைக் கட்டி வைத்துவிட்டு, கடைசிப் பெட்டிக்காக இறங்கியிருக்கிறாள். டானாகூட அப்படித்தான் நம்பினாள். தேவாலயத்தில் அடக்கச் சாப்பாட்டுக்கு நான்தான் எலுமிச்சைக் கேக் துண்டுகள் செய்து கொண்டுபோனேன். டானா என் தோளில் சாய்ந்து அழுதாள். "எல்லாம் உங்களுக்குத்தான், அத்தை சொல்லியிருக்காங்க. அந்தப் பூனைய மட்டும் ஒருவாட்டி பாத்துக்கறேன்" என்று பெட்டியைத் திறந்தாள்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை எடுத்து அத்தை அன்று மாலை அனுப்பிய படத்தைப் பார்த்தாள்.

"இதுக்கு ஆச்சரியக் கண்ணுதானே இருந்துச்சு?" என்றாள். என்னிடம் கேட்கவில்லை. ஆனால் பிறகு என்னைத்தான் பார்த்தாள்.

வேறு யாராக இருந்தாலும் பூனையை அப்படியே சுற்றி வைத்திருப்பார்கள் என்று நீங்கள் சொன்னீர்கள். இருக்கலாம். தப்பான கண்ணோடு ஒரு பொருளைப் பத்திரப்படுத்தி வைக்க என்னால் முடியாது. அதற்காக நான் வருத்தப்படவில்லை.

இப்போது சுவிட்சுக்கு வருவோம். அதைத்தானே நீங்கள் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சுவிட்ச், தவறிப்போய் மாற்றி அழுத்திவிட்டேன் என்று சொன்னேன். நீங்கள் ஒரு புகைப்படத்தை மேசையில் வைத்தீர்கள். வாசல் விளக்கின் சுவிட்சில் ஒரு சிறிய பூசணிக்காய் ஒட்டுப்படம் இருக்கிறது, இருட்டில் தொட்டாலும் தெரிகிற மாதிரி மேடாக. பழைய ஒட்டுப்படம், எழுபது எண்பது வருடத்துக்கு முந்தையது. என் சேகரிப்பில் இருந்தது. புது ஆட்கள் மாற்றிப் போட்டுவிடுகிறார்கள் என்று ஓபல் சிரித்துக்கொண்டிருந்த ஒரு நாளில், அதை அங்கே ஒட்டியது நான்தான். ஒரு நல்ல பொருளை இப்படி வீணடிக்கிறாயே என்று அவள்கூடக் கேட்டாள்.

என் விரல் முதலில் அதன்மேல்தான் பட்டது. பூசணிக்காயின் மேடு தெரிந்தது. பிறகு விரலைப் பக்கத்தில் நகர்த்தினேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் நியாயமாக எழுத வேண்டுமென்றால் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். கிளம்பும்முன் விளக்கைப் போட்டபோது நான் கீழே இறங்கிப் பார்த்தேன். ஓபல் கைப்பிடியைப் பிடித்திருக்கலாம். பெட்டியை விட்டிருந்தால் பிடித்திருக்கலாம். அவள் விடவில்லை. இரண்டு கையாலும் அதை மார்போடு அணைத்தபடியே கிடந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித்தான் நான் அதை எடுக்க வேண்டியிருந்தது. திறந்து பார்த்தேன். ஒன்றுகூட உடையவில்லை, ஒரு தாள்கூடக் கிழியவில்லை. கடைசி நேரத்தில் அவள் என் பக்கம் வந்துவிட்டாள் என்பதற்கு அதைவிட உங்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்.